பகலில் மலைக் கிராமம், மாலையில் டென்னிஸ்: உமாக் பயணம் – வாசகர் கேள்வி பதில்

குரோஷியாவின் வடமேற்கு மூலையில், இஸ்திரியா தீபகற்பத்தின் கடலோரத்தில் இருக்கிறது உமாக். ஜூலை இரண்டாம் பாதியில் அங்கே ஆண்கள் டென்னிஸ் போட்டி. அரை மணி நேரம் உள்ளே போனால் ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் மணமிக்க காளான் வகை) காடு, அதையும் தாண்டினால் பேய்க்கதைக் கிராமங்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அவ்வளவு செலவழித்துப் போகிறவர்கள் விம்பிள்டனுக்கோ பாரிஸுக்கோ போகலாமே? பெயர் தெரியாத ஊருக்கு எதற்கு? – வாசகர், கோயம்புத்தூர்

பெயர் பெற்ற வீரர்களை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் விம்பிள்டனுக்கே போங்கள். உமாக் போட்டி ஏடிபி 250 வகை, அதாவது ஏடிபி எனப்படும் ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சுற்றுப்பயணத்தின் கீழ்த்தட்டு. உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர் வந்தாலே பெரிது.

ஆனால் நாளை பெயர் வாங்கப் போகிறவர்களைப் பத்தடி தூரத்தில் பார்க்க இது நல்ல இடம். கார்லோஸ் அல்காரஸ் தன் முதல் ஏடிபி பட்டத்தை 2021இல் இங்கேதான் வென்றார். அப்போது அவருக்கு வயது 18. அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவரை யானிக் சின்னர் வீழ்த்தினார். பின்னால் கிராண்ட் ஸ்லாம் இறுதிகளில் மோதிய அதே இருவர்தான், சில ஆயிரம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய இந்த அரங்கில் ஆடினார்கள். 2017இல் ஆந்த்ரே ருப்லெவ் தகுதிச் சுற்றில் தோற்று, வேறொருவர் விலகியதால் 'லக்கி லூசராக' உள்ளே நுழைந்து, பட்டத்தையே தட்டிச் சென்றார்.

நுங்கம்பாக்கம் அரங்கில் சென்னை ஓப்பன் பார்த்தவர்களுக்குப் பழகிய முகங்களும் உண்டு. 2004, 2005இல் சென்னையில் வென்ற கார்லோஸ் மோயா உமாக்கில் ஐந்து முறை பட்டம் வென்றவர். 2009, 2010இல் சென்னையில் வென்ற மாரின் சிலிச் 2012இல் இங்கே, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் வென்றார்.

கேள்வி: ஒரு வாரம் முழுவதும் டிக்கெட் வாங்க வசதி இல்லை. இரண்டு நாள் மட்டும் என்றால் எந்த நாள்? – வாசகர், மதுரை

இரண்டாம் சுற்று நாள் ஒன்று, காலிறுதி நாள் ஒன்று.

ஒற்றையர் பிரிவில் 28 பேர். தரவரிசையில் முதல் நான்கு பேருக்கு முதல் சுற்று கிடையாது, 'பை' கொடுத்துவிடுவார்கள். எனவே தொடக்க நாட்களுக்கு டிக்கெட் வாங்கினால் போஸ்டரில் படம் போட்டிருக்கும் ஆள் மைதானத்தில் இருக்க மாட்டார். பலர் ஏமாறுவது இங்கேதான். வாரத்தின் நடுவில் தொடங்கும் இரண்டாம் சுற்றில்தான் அந்த நால்வரும் இறங்குவார்கள். காலிறுதியில் நான்கு ஒற்றையர் ஆட்டங்கள் ஒரே நாளில் நடக்கும், நான்குமே சமபலமான மோதல்கள். இறுதி நாளில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கச் சாய்வாக அமைந்தால் 70 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இறுதி ஆட்டம் சில ஆண்டுகளில் சனிக்கிழமை, சில ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை. அதற்கேற்ப எல்லாச் சுற்றுகளும் ஒரு நாள் முன்பின் நகரும். அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்க்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

யாராவது ஒரு வீரரை நம்பியும் டிக்கெட் வாங்க வேண்டாம். விம்பிள்டன் முடிந்து ஓரிரு வாரத்தில் இந்தப் போட்டி வருவதால் அசதி, காயம் என்று கடைசி நேர விலகல்கள் அதிகம். அண்மை ஆண்டுகளில் இதே வாரத்தில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹெலிலும் உமாக் போலவே களிமண் தரைப் போட்டி நடப்பதால் வீரர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

ஆட்ட நேரம்தான் இந்தப் பயணத்துக்கே அச்சாணி. ஜூலையில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடும் என்பதால் முக்கிய ஆட்டங்கள் பிற்பகல் கடைசியில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டுவதும் உண்டு. பகல் முழுவதும் உங்களுடையது. மறுநாள் ஆட்ட வரிசை முந்தின மாலை வெளியாகும். அதைப் பார்த்த பிறகே மறுநாள் காலைப் பயணத்தை முடிவு செய்யுங்கள்.

முதல் முறை நேரில் பார்ப்பவர்களுக்கு: ஆட்டம் நடக்கும்போது எழுந்து நடக்கக் கூடாது. குறிப்பாக வீரர்களின் முதுகுப் பக்கம், பேஸ்லைனுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில். 1, 3, 5 என ஒற்றைப்படை கேம் முடிந்ததும் வீரர்கள் பக்கம் மாறுவார்கள். அதில் முதல் கேமுக்குப் பிறகு மட்டும் உட்காராமல் மாறிவிடுவார்கள். மூன்றாவது கேமிலிருந்து 90 விநாடி இடைவெளி, செட் முடிந்தால் 120 விநாடி. தண்ணீர் வாங்குவதும் கழிப்பறைக்குப் போவதும் அதற்குள். களிமண்ணில் பந்து பதிந்த தடத்தை நடுவர் இறங்கி வந்து பார்க்கும் காட்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2025 முதல் ஏடிபி போட்டிகளில் கோட்டுத் தீர்ப்பை மின்னணுக் கருவியே சொல்கிறது.

கடற்கரையில் இரவு பதினொரு மணிக்கு மேல் காற்று குளிரும். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். கோடையில் திடீர் இடிமழையும் வரும். மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் உங்கள் டிக்கெட் எந்த நாளுக்குச் செல்லும் என்பதை வாங்கும்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து எப்படிப் போவது? வெனிஸ் வழியாகப் போனால் இத்தாலி விசா எடுக்க வேண்டுமா? – வாசகி, சென்னை

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) இருக்கிறது, அன்று முதல் யூரோதான் பணம். பழைய வலைப்பதிவுகளில் குனா என்ற பழைய நாணயக் கணக்கும் தனி குரோஷிய விசா விவரமும் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

விசா எந்த நாட்டுக்கு என்பதை நீங்கள் தங்கும் இரவுகள்தான் தீர்மானிக்கும், இறங்கும் விமான நிலையம் அல்ல. வெனிஸில் இரண்டு இரவு, உமாக்கில் ஆறு இரவு என்றால் குரோஷியாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரு நாட்டிலும் சம எண்ணிக்கை என்றால் முதலில் நுழையும் நாடு. இத்தாலி விசா கிடைப்பது எளிது என்று அங்கே விண்ணப்பித்துவிட்டு ஹோட்டல் பதிவு முழுவதையும் குரோஷியாவில் காட்டினால் நிராகரிக்க அதுவே போதும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழ் இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், இழுத்தால் 45 நாள். ஜூலைப் பயணத்துக்கு மே மாதம் நேர ஒதுக்கீடு தேடினால் கிடைக்காமல் அலைவீர்கள். மார்ச்சிலேயே பாருங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

துபாய் அல்லது தோஹாவில் மாறி வெனிஸ் போவது சென்னைவாசிகளுக்கு வசதியான வழி. வெனிஸிலிருந்து உமாக் காரில் சுமார் இரண்டரை மணி நேரம். ட்ரியெஸ்ட், பூலா விமான நிலையங்கள் இன்னும் பக்கம். ஆனால் அவற்றுக்கு ஐரோப்பாவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டும்.

வாடகைக் காரில் மூன்று இடங்களில் பணம் பறிபோகும். ஒன்று, இத்தாலியில் எடுத்த காரைக் குரோஷியாவுக்குக் கொண்டுபோக நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பலர் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். சொல்லாமல் போனால் காப்பீடு செல்லாது. இரண்டு, இடையில் ஸ்லோவேனியா வழியாக இருபது முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் நெடுஞ்சாலையில் ஏறினால் மின்னணு விக்னெட் (நெடுஞ்சாலைச் சுங்க அனுமதி) கட்டாயம். வார விக்னெட்டைக் கார் எண் கொடுத்து முன்பே இணையத்தில் வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவிலிருந்து தொடங்கும். மூன்று, இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை பகலில் இந்தச் சாலையில் போகவே போகாதீர்கள். பாதி ஐரோப்பா அன்றுதான் கடலுக்குக் கிளம்புகிறது.

கேள்வி: கார் ஓட்டத் தெரியாது. போகலாமா? – வாசகர், தஞ்சாவூர்

உமாக், நோவிக்ராத், போரெச் போன்ற கடலோர ஊர்களுக்குப் பேருந்து உண்டு. மலைக் கிராமங்களுக்கு அரிது, மாலையில் திரும்ப வண்டி இருக்காது. இரண்டு நாளுக்கு மட்டும் ஓட்டுநருடன் கார் பேசிக்கொள்ளுங்கள். சைக்கிள் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி: ட்ரியெஸ்ட்டிலிருந்து போரெச் வரை 1902 முதல் 1935 வரை ஓடிய 'பாரென்சானா' குறுகிய ரயில்பாதை இப்போது சைக்கிள் தடம். உமாக்கிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் உள்ள புயே ஊரில் ஏறினால் க்ரோஷ்னியான் வழியாக மோடோவுன் மலைக் கிராமத்தின் அடிவாரம் வரை போகலாம். ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் மெல்லியது. சுரங்கங்களில் வெளிச்சத்துக்கு டார்ச் வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். பட்டினி கிடக்க வேண்டுமா? – வாசகி, கும்பகோணம்

பட்டினி இல்லை. ஆனால் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது.

பெரிய பொறி மனேஷ்த்ரா. பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்ட கெட்டியான சூப், கோடையில் சோளமும் சேரும். பார்க்கச் சுத்த சைவம். பெரும்பாலான வீடுகளிலும் கடைகளிலும் அதன் உயிரே 'பெஷ்ட்'தான்: பன்றிக் கொழுப்பையும் பூண்டையும் பார்ஸ்லியையும் சேர்த்து அரைத்த விழுது. உப்பிட்டுக் காயவைத்த பன்றித் தொடையின் எலும்பையும் கூடவே கொதிக்க விடுவார்கள். இறைச்சித் துண்டு கண்ணில் படாது என்பதால் பரிமாறுபவரே யோசிக்காமல் 'இறைச்சி இல்லை' என்று சொல்லிவிடக்கூடும். 'பெஸ் ஸ்லானினே?' – பன்றிக் கொழுப்பு இல்லாமலா – என்று தனியாகக் கேளுங்கள். 'பெஸ் மேசா' இறைச்சி இல்லாமல், 'பெஸ் ரிபே' மீன் இல்லாமல், 'பெஸ் யாயா' முட்டை இல்லாமல். நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினால் குழப்பம் வராது.

பாஸ்தாவில் இரண்டு ஊர் வகைகள். ஃபூஷி என்பது முட்டை மாவைச் சதுரமாக வெட்டி, எதிரெதிர் மூலைகளை மடித்து ஒட்டிய குழல். உங்களுக்கு ஆகாது. பிளுகான்சி என்பது மாவும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் பிசைந்து உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிய கூர்முனைத் துண்டு, நம் அம்மிணிக் கொழுக்கட்டையை நீட்டியது போல. வழக்கமாக முட்டை சேராது, ஆனாலும் கேளுங்கள். அதைக் காளானோடு, ட்ரஃபிளோடு, தக்காளியோடு தருவார்கள். உருளைக்கிழங்கோடு வதக்கிய 'பிளித்வா' கீரை, 'ஸ்குதா' என்ற புதுப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் தொட்ட ரொட்டி ஆகியவை எங்கும் கிடைக்கும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு: கடலோரத்தில் நோவிக்ராத் சிப்பி, மத்தி மீன். உள்ளே போனால் போஷ்காரின் என்ற இஸ்திரியப் பெருங்கொம்பு மாட்டின் இறைச்சி. இந்த ஊர் ப்ர்ஷுட்டை (உப்பிட்ட பன்றித் தொடை) புகை போடாமல் 'புரா' என்ற குளிர்ந்த வடகிழக்குக் காற்றில் காயவைக்கிறார்கள், அதனால் புகை வாசனை இருக்காது.

கேள்வி: ட்ரஃபிள் சாப்பிடத்தான் போகிறோம். வெள்ளை ட்ரஃபிள் எங்கே மலிவாகக் கிடைக்கும்? – வாசகர், பெங்களூரு

ஜூலையில் எங்கேயும் கிடைக்காது. மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில், மோடோவுனைச் சுற்றிய ஈரக் காட்டில் விளையும் வெள்ளை ட்ரஃபிளின் காலம் செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை. டென்னிஸ் வாரத்தில் புதிதாகக் கிடைப்பது கறுப்புக் கோடை ட்ரஃபிள் மட்டும். மேலே கரடுமுரடான கறுப்புத் தோல், உள்ளே வெளிர்பழுப்பில் வெள்ளை நரம்புகள். மணம் மென்மையானது, காளானும் ஹேசல் கொட்டையும் கலந்தது போல. வெள்ளையின் விலை இதைவிடப் பல மடங்கு. ஜூலையில் யாராவது 'வெள்ளை' என்று விற்றால் அது பதப்படுத்திய புட்டியிலிருந்து வந்தது.

இன்னொரு ஏமாற்று எண்ணெய். ட்ரஃபிள் எண்ணெய் என்று விற்பதில் பெரும்பகுதி 2,4-டைதயாபென்டேன் என்ற வேதிப்பொருள் கலந்த சாதாரண எண்ணெய். நுழைந்ததும் கடை முழுக்கத் தூக்கலாக ஒரே வாசனை அடித்தால் அதுதான். புட்டியின் பொருள் பட்டியலில் 'அரோமா' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். உணவகத்தில் 'ஸ்வியெஷி' – புதியது – என்று கேட்டு, மேசையிலேயே சீவிப் போடச் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு எட்டுப் பத்து கிராம் இருந்தால் தாராளம்.

மணம் கொழுப்பில் தங்கும், சூட்டில் பறக்கும். எனவே வெண்ணெய் அல்லது கிரீம் சேர்த்த பாஸ்தா, 'ஃப்ரிதாயா' என்ற முட்டைப் பொரியல் இரண்டும்தான் பொருத்தமான துணை, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு மேலே சீவ வேண்டும். தக்காளிச் சாறு, பூண்டு, மிளகாய் மூன்றும் அதை அமுக்கிவிடும். நம் நாக்குக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். உடனே மிளகாய்த்தூள் கேட்காதீர்கள், பாதித் தட்டு வரை பொறுங்கள்.

நாயோடு காட்டுக்குள் கூட்டிப்போகும் சுற்றுலா வாங்குவதாக இருந்தால் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறினால் நாய்கள் களைத்துவிடும். மோடோவுனுக்குக் கீழே லிவாதே என்ற சிற்றூர் இந்தத் தொழிலின் மையம். 1999 நவம்பரில் ஜியான்கார்லோ ஸிகாந்தே என்பவர் டயானா என்ற நாயோடு தோண்டியெடுத்த 1.31 கிலோ வெள்ளை ட்ரஃபிள் கின்னஸ் பதிவில் ஏறியது. அந்தப் பேச்சு அடங்கவேயில்லை.

கேள்வி: இஸ்திரியாவில் பேய் ஊர் இருக்கிறதாமே! குழந்தைகளோடு போனால் நாட்டார் கதை தொடர்பாக என்ன பார்க்கலாம்? – வாசகி, திருநெல்வேலி

ஊர் க்ரிங்கா. யூரே கிராண்டோ என்ற குடியானவர் 1656இல் இறந்தார். அதன் பிறகு 16 ஆண்டுகள் இரவில் வந்து கதவு தட்டினார், தட்டிய வீட்டில் சாவு விழுந்தது, மனைவியையும் விடவில்லை என்பது ஊர்ப்பேச்சு. 1672இல் ஊர்த்தலைவர் மிஹோ ராதெதிச் தலைமையில் ஒன்பது பேர் விளக்கோடு போய்க் கல்லறையைத் திறந்தார்கள். உடல் அழுகாமல் சிரித்த முகமாகக் கிடந்ததாம். முட்செடிக் கட்டையால் குத்தினார்கள், இறங்கவில்லை. கடைசியில் ஸ்டிபான் மிலாஷிச் தலையை அறுத்த பிறகுதான் ஊர் அமைதியானது. கார்னியோலா நாட்டைப் (இன்றைய ஸ்லோவேனியாவின் ஒரு பகுதி) பற்றி வால்வாசோர் என்பவர் எழுதி 1689இல் வெளியான நூலில் இது இடம்பெற்றது. பெயர், ஊர், ஆண்டு எல்லாம் குறித்துப் பதிவான ஐரோப்பியப் பேய்க்கதைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அங்கே இத்தகையவரை ஷ்ட்ரிகூன் என்பார்கள். எதிர்த்து நிற்பவர் கிர்ஸ்னிக்: பிறக்கும்போதே பனிக்குடச் சவ்வு போர்த்தி வந்தவர், இரவில் விலங்கு வடிவெடுத்து ஷ்ட்ரிகூனோடு சண்டையிடுபவர்.

ஊரைப் பொறுத்தவரை, சொல்லிவிடுகிறோம்: ஒரு தேவாலயம், சில தெருக்கள், அரை மணி நேரம். அதற்காக மட்டும் போனால் ஏமாற்றம். பக்கத்தில் உள்ள பாஸினோடு சேர்த்துப் போங்கள். அங்கே 983லேயே ஆவணத்தில் பெயர் வந்த கோட்டைக்கு அடியில் ஆறு பூமிக்குள் மறையும் பெரும்பள்ளம் இருக்கிறது. த்ராகோன்யா என்ற அரக்கன் ஏர் ஓட்டி ஆறுகளை உண்டாக்கினான், மூன்றாவது உழவுத்தடத்தைப் பாஸின் வரை உழுதபோது கோட்டைத் தலைவரின் மனைவி கேலி செய்ததால் கோபத்தில் பாதியில் விட்டுப் போய்விட்டான், போக வழியில்லாத தண்ணீர் அங்கேயே குழியில் விழுகிறது என்பது கதை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஆறு ஏன் காணாமல் போகிறது என்ற கேள்விக்கு ஊர் சொன்ன பதில் இது. குழந்தைகளுக்குப் பேயைவிட இது பிடிக்கும்.

பாஸினிலிருந்து சில கிலோமீட்டரில் பெராம். ஊருக்கு வெளியே உள்ள மரியன்னை ஆலயத்தில் கஸ்தாவைச் சேர்ந்த வின்சென்ட் 1474இல் தீட்டிய 'சாவின் நடனம்' சுவரோவியம்: போப், அரசன், வணிகன், பிச்சைக்காரன் என்று எல்லோரையும் எலும்புக்கூடுகள் கைபிடித்து அழைத்துப் போகின்றன. ஆலயம் எப்போதும் திறந்திருக்காது. பாஸின் சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்யுங்கள்.

வடக்கே ஹூம் இருக்கிறது, உலகின் மிகச் சிறிய நகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். மிர்னா கரையில் அரக்கர்கள் ஊர்களைக் கட்டி முடித்தபோது மீந்த கற்களில் கட்டியது என்பார்கள். ரோச்சிலிருந்து ஹூம் வரும் ஏழு கிலோமீட்டரில் பழைய ஸ்லாவிய கிளகோலிதிய எழுத்துக்கு எழுப்பிய 11 கல் சின்னங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

ஹூமும் பாஸினும் ஒரே நாளில் வேண்டாம். காலை ஏழரைக்குக் கிளம்பினாலும் உமாக்குக்குத் திரும்ப நான்கு மணி ஆகிவிடும். ஆட்டம் இல்லாத நாளுக்கு ஒன்று, உங்களுக்கு அக்கறையில்லாத ஆட்டம் முதலில் வரும் நாளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் நாளில் மோடோவுனும் லிவாதேயும் போதும், பகல் இரண்டுக்குள் திரும்பிவிடலாம்.

கேள்வி: அங்கே நாதஸ்வரம் மாதிரி ஒரு வாத்தியம் உண்டு என்கிறார்களே? – வாசகர், திருவாரூர்

ரோஷெனிட்சே. நாதஸ்வரம் போலவே இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் மரக்குழல். எப்போதும் ஜோடியாகத்தான், பெரியது ஒன்று, சிறியது ஒன்று. இரண்டு பேர் பாடும்போதும் இதே முறை. இசைவு நமக்குப் பழகிய சுருதியில் இருக்காது, முதலில் பிசகாகவே கேட்கும். 'இஸ்திரிய ஸ்கேல்' எனப்படும் இந்த இருகுரல் பாட்டும் வாசிப்பும் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. வாத்தியத்தைப் பார்க்க பாஸின் கோட்டையில் உள்ள இஸ்திரிய இனவரைவியல் அருங்காட்சியகம், கேட்க கோடைக் கிராமத் திருவிழாக்கள். தேதிகளை உமாக் சுற்றுலா அலுவலகத்தில் வந்த அன்றே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எழுபது வயது அப்பா அம்மாவும் வருகிறார்கள். – வாசகி, சேலம்

மோடோவுனுக்கு ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள். கார் மலையடிவாரத்தில்தான் நிற்கும். மேலே போக சிற்றுந்து உண்டு, அதற்குப் பிறகும் கல் பாவிய சறுக்குத் தெரு. ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம், செருப்பு வேண்டாம். பெராமும் பாஸின் கோட்டையும் அவர்களுக்கு எளிது. இரவு ஆட்டத்துக்கு மெத்தை ஒன்று கொண்டுபோங்கள், நான்கு மணி நேரம் பிளாஸ்டிக் இருக்கையில் முதுகு தாங்காது.

கேள்வி: என்ன வாங்கி வரலாம்? – வாசகர், புதுச்சேரி

புதிய ட்ரஃபிளை வாங்கி வரலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாலைந்து நாளில் மணம் போய்விடும். தங்கும் அறையில் வைத்துச் சமைப்பதாக இருந்தால் காகிதத் துணியில் சுற்றி, மூடிய கண்ணாடிக் குப்பியில், குளிர்பெட்டியில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் அரிசிக்கு மணம் கொடுக்கும், ட்ரஃபிளை வற்றவைத்துவிடும்.

ஊருக்கு ஆலிவ் எண்ணெய்தான் சரி. 'பூஷா', 'இஸ்தார்ஸ்கா பியெலிட்சா' என்று மர வகையின் பெயரும் அறுவடை ஆண்டும் எழுதிய புட்டியை எடுங்கள். ஜூலையில் வாங்குவது முந்தின இலையுதிர்கால அறுவடையாக இருக்க வேண்டும், அதற்கும் முந்தினது வேண்டாம். தொண்டையில் லேசாகக் காறினால் நல்ல எண்ணெய், கெட்டுப்போனது அல்ல. கண்ணாடியைவிட அரை லிட்டர் தகரம் பெட்டியில் பத்திரம். கைப்பையில் பொதுவாக 100 மில்லிக்கு மேல் அனுமதி இல்லை என்பதால் எல்லாமே பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும்.